ஆறாவது விரலும் அறுந்த கோலமும்

இப்போது ஒரு புதிய விளையாட்டு பரவியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களில் எது மிக அழகாகத் தவறியிருக்கிறது என்று நண்பர்கள் கூடிப் போட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆறு விரல் உள்ள கை, இடுப்போடு ஒட்டிப்போன குடம், முந்தானைக்குள்ளிருந்து முளைக்கும் மூன்றாவது கை, எந்த மொழியிலும் இல்லாத எழுத்தில் ஒரு கடைப்பலகை. பெரிய பரிசு எதுவும் கிடையாது. சிரிப்பும் கைதட்டலும்தான். இந்தப் போட்டிகளில் எனக்குப் பிடித்தது அவற்றின் குணம். யாரும் இயந்திரத்தைத் திட்டுவதில்லை. "பாவம், இப்போதுதானே கற்றுக்கொள்கிறது" என்று, தத்தித் தத்தி நடக்கும் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

நான் புதுச்சேரிக்காரி. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, முத்தியால்பேட்டையில் வளர்ந்தவள். இங்கே தினமும் விடியுமுன் பல ஆயிரம் படங்கள் வரையப்படுகின்றன. வரைபவர்கள் பெண்கள், வரையுமிடம் வாசல். அந்தப் படங்களில் ஒரு கோடு கோணினால் இப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை. "என்ன நினைப்பில் போட்டே?" என்ற கேள்விதான் வரும். ஆகவே இயந்திரத்தின் ஆறாவது விரலைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. யாருடைய பிழைக்கு அன்பு கிடைக்கிறது? யாருடைய பிழைக்குக் கணக்குக் கேட்கப்படுகிறது? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெண்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெயர் இல்லாமல்.

கணினி வரைந்த படங்களுக்குப் போட்டி வைப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. அமெரிக்காவில் எட்மண்ட் பெர்க்லி நடத்திவந்த 'கம்ப்யூட்டர்ஸ் அண்ட் ஆட்டோமேஷன்' என்ற பத்திரிகை 1963ஆம் ஆண்டிலேயே கணினி ஓவியப் போட்டியை அறிவித்தது. முதல் பரிசு பெற்ற படத்தின் பெயரைத் தமிழில் 'தெறிப்புக் கோலம்' என்று சொல்லலாம். அது அழகுக்காக வரையப்பட்ட படமே இல்லை. கேமரா லென்ஸ் ஒன்று பிம்பத்தை எப்படிக் கோணலாக்குகிறது என்பதைக் கணக்கிட்டு, அந்தக் கோணலைக் கோடுகளாக வரைந்த படம். கணினிப் படங்களுக்கான அந்த முதல் போட்டியிலேயே பரிசு ஒரு பிழையின் உருவத்துக்குத்தான் போனது.

பரிசு வாங்கியவர் யார்? எந்த மனிதரின் பெயரும் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் எறிபடை ஆய்வுக்கூடத்தின் பெயரில்தான் அது அறிவிக்கப்பட்டது. அந்த ஆய்வுக்கூடத்தின் பெயரைப் பார்த்ததும் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். எனியாக் என்ற புகழ்பெற்ற மின்னணுக் கணினி உருவாக்கப்பட்டது அதே கூடத்தின் தேவைக்காகத்தான். குண்டு எங்கே போய் விழும் என்ற கணக்கை அதுவரை கையால் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். அந்த வேலைக்கே அன்று 'கம்ப்யூட்டர்' என்றுதான் பெயர். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மர்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்ற ஆறு பெண்கள் எனியாக்கை இயக்கக் கற்றுக்கொண்டு அதற்கு நிரல் அமைத்தார்கள். 1946 பிப்ரவரியில் அந்த இயந்திரத்தை உலகுக்குக் காட்டிய விழாவில் அவர்கள் பெயர் சொல்லப்படவில்லை. பொது அங்கீகாரம் வந்தது 1997இல். அரை நூற்றாண்டு கழித்து!

இந்த ஆறு பேரின் வேலையில் பெரும்பகுதி பிழை தேடுவதுதான். ஒரு குழாய் எரிந்துபோனாலோ ஒரு கம்பி மாறிப்போனாலோ விடை தவறும். எங்கே தவறியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். பிழையைத் திருத்தியவர்களுக்குப் பெயர் இல்லை, பிழையை வரைந்த இயந்திரத்துக்குப் பரிசு உண்டு. கணினிப் படங்களின் வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது.

பிழையைத் தானே கையில் எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணும் இந்த வரலாற்றில் இருக்கிறார். வேரா மோல்னார். 1924இல் ஹங்கேரியில் பிறந்து, பாரிஸில் வாழ்ந்தவர். 1954 நவம்பர் 1 வரை புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் எங்களுக்குத் தெருப் பெயர்களையும் சட்டப் புத்தகங்களையும் விட்டுப்போனார்கள். இந்தப் பெண்ணைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கணினி கைக்கு எட்டாத 1959இலேயே அவர் ஒரு 'கற்பனை இயந்திர'த்தை வைத்துக்கொண்டார். அதாவது, இந்தக் கோட்டை இத்தனை முறை, இந்தத் திசையில் நகர்த்து என்று தனக்குத் தானே விதி எழுதிக்கொண்டு, அந்த விதிப்படி கையால் வரைந்தார். 1968இல் நிஜக் கணினி கிடைத்தது. சதுரத்துக்குள் சதுரம் வரையச் சொன்னார். பிறகு அந்த ஒழுங்குக்குள் மிகச் சிறிய குலைவைக் கலந்தார். நூற்றுக்கு ஒரு பங்கு ஒழுங்கின்மை என்பது அவர் ஓவியத்தின் அடையாளமாகவே ஆனது. முழு ஒழுங்கில் படம் செத்துக் கிடக்கிறது, ஒரு பங்கு கோணல் சேர்ந்ததும் மூச்சு விடுகிறது.

அவருடைய படங்களில் என்னை உலுக்கியது வேறொன்று. அவருடைய அம்மா அவருக்கு வாராவாரம் கடிதம் எழுதிவந்தார். அம்மாவின் கையெழுத்து வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருந்து, போகப் போக நடுங்கி அலையும். வயதாக ஆக அந்த நடுக்கமும் கூடியது. அம்மா இறந்த பிறகு அந்த நடுக்கத்தைக் கணினியால் வரைந்து பார்த்தார் மகள். சொற்கள் இல்லை, வெறும் கோடுகள், கடிதம்போல வரிவரியாக. அம்மாவின் கை தடுமாறிய விதத்தை ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் அதை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்! பிழையைக் கொண்டாடுவது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு பெண்ணின் கைநடுக்கத்தை இன்னொரு பெண் குறையாகப் பார்க்காமல், ஆளின் அடையாளமாகப் பார்த்தது. 2023 டிசம்பரில், நூறு வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாதபோது, மோல்னார் காலமானார்.

கையால் விதிப்படி வரைவது என்றதும் நமக்குக் கோலம் நினைவுக்கு வராமல் இருக்காது. இந்த ஒற்றுமையைக் கணித மொழியில் எழுதியவர்கள் நம்மிடமே இருந்தார்கள். தாம்பரத்தில் உள்ள சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் சேர்ந்து 1974இல் கோலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார்கள். அது வெளிவந்தது கணினி வரைகலைக்கான ஒரு பன்னாட்டு ஆய்விதழில். மூவரில் இருவர் பெண்கள். 1929இல் பிறந்த ராணி சிரோமணி இந்தியாவில் கோட்பாட்டுக் கணினி அறிவியலை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர். அவருடைய மாணவியான கமலா கிருத்திவாசன் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார்.

அவர்கள் செய்தது என்ன? ஒரு மொழியில் சில விதிகளை வைத்துக்கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை அமைப்பதுபோல, சில விதிகளை வைத்துக்கொண்டு கோலத்தை வளர்க்கலாம் என்று காட்டினார்கள். சிறிய கோலம் ஒன்று, அதைப் பெரிதாக்கும் விதி ஒன்று. விதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் கோலம் வளர்ந்துகொண்டே போகும். இது கணிதத்துறைக்குப் புதிதாக இருந்திருக்கலாம். வாசலில் குனிந்து நின்றவர்களுக்குப் புதிதல்ல. ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நான்கு என்று சொன்னால் போதும். எங்கள் தெருப் பெண்களுக்கு நாலு, ஐந்து, ஆறு, ஏழு, ஆறு, ஐந்து, நாலு என்று வரிசைகள் கண்முன் வந்துவிடும். மொத்தம் முப்பத்தேழு புள்ளி. படத்தை மனப்பாடம் செய்வதில்லை. எப்படிப் போக வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்பதைத்தான் கை நினைவில் வைத்திருக்கிறது.

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். தாளில் நாலுக்கு நாலு புள்ளி வையுங்கள். புள்ளிகளின் இடைவெளிகளில் எல்லாம் கோடு குறுக்கே பின்னிப் போகும் எளிய சிக்குக் கோலம் போடுங்கள். நான்கு தனித்தனிச் சுற்றுகள் வரும். இப்போது மூன்றுக்கு நாலு புள்ளி வையுங்கள். கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடிந்துவிடும். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை சுற்றுகள். பள்ளியில் இதைக் கரும்பலகையில் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதே கணக்கை அம்மாக்கள் வாசலில் தினம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 'பொம்பளைங்க வேலை' என்ற பெயர் விழுந்ததும் அதற்குள் இருந்த கணக்கு மறைந்துபோனது.

இப்போது இன்றைய இயந்திரத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படம் வரையும் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. இவை கற்றுக்கொள்ளும் முறை தாம்பரத்து இலக்கணத்துக்கு நேர் எதிரானது. ஒரு படத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி இரைச்சலைக் கலந்து அதைக் கெடுக்கிறார்கள். பிறகு அந்த இரைச்சலை நீக்கப் பழக்குகிறார்கள். கோடிக்கணக்கான படங்களில் இப்படிப் பழகியபின், வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கி ஒரு புதிய படத்தை அது வடித்தெடுக்கிறது. எந்த இடத்தில் எந்த நிறம் வந்தால் 'அதுபோல' இருக்கும் என்று அதற்குத் தெரியும். கை என்றால் ஐந்து விரல் என்ற விதி அதற்குச் சொல்லப்படவில்லை. படங்களில் கைகள் மடங்கியும் மறைந்தும் கோத்தும் கிடக்கின்றன. விரலுக்குப் பக்கத்தில் விரல் வரும் என்பதை அது கற்றுக்கொண்டது. எங்கே நிறுத்துவது என்பதைக் கற்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதும்போது, அப்படி ஒரு கருவியிடம் சிக்குக் கோலம் கேட்டு வாங்கி, எங்கள் தெருப் பெண்களிடம் கைப்பேசியில் காட்டினேன். தூரத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத படம். செம்மண் நிறத் தரை, வெள்ளைக் கோடு, நடுவில் பூசணிப்பூகூட இருந்தது. பெரியம்மா ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் கோட்டைப் பின்தொடர்ந்தார். மூன்றாவது வளைவிலேயே நின்றுவிட்டார். அங்கே கோடு இன்னொரு கோட்டுக்குள் கரைந்துபோயிருந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் சுற்றாத அனாதைப் புள்ளிகள், ஒரே புள்ளியைச் சுற்றும் இரண்டு கோடுகள், எங்கிருந்தோ வந்து எங்கும் போகாத ஒரு முனை. ஒரு அரைமணி நேரம் திண்ணையே சிரித்தது. அதுவும் ஒரு பிழைப் போட்டிதான். நடுவர்களுக்குப் பட்டம் இல்லை, ஆனால் அந்தப் படத்தின் எல்லாப் பிழைகளையும் கண்டுபிடிக்கும் தகுதி அந்த நேரத்தில் அவர்களுக்குத்தான் இருந்தது.

இயந்திரத்துக்குக் கோலத்தின் தோற்றம் தெரிகிறது, கோலத்தின் நடை தெரியவில்லை. 1974இல் இரண்டு பெண்களும் ஓர் ஆணும் எழுதிவைத்த அறிவு இதற்குள் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களின் அறிவும் இல்லை. ஆனால் அவர்கள் போட்ட கோலங்களின் படங்கள் இல்லாமல் இது வரைந்திருக்க முடியாது. 2022இல் வெளியான லேயான் என்ற படத் தொகுப்பில் மட்டும் இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி படச் சுட்டிகள் இருந்தன. இத்தகைய தொகுப்புகளில் படத்தோடு வருவது அதன் அருகில் கிடந்த நாலு சொல் விளக்கம்தான். 'கோலம்' என்று கேட்டால் ஏதோ ஒன்றை வரைகிறது என்றால், அது கோலங்களைப் பார்த்திருக்கிறது என்று பொருள். போட்டவள் யார் என்று அதற்குத் தெரியாது.

ஆனால் கோலத்தை மட்டும் தூக்கிப் பேசி நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நாம் பெண்ணியம் பேசுகிறவர்கள். கோலம் ஒரு கலை. கூடவே, கேட்காமல் சுமத்தப்பட்ட வேலையும்கூட. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் எழுந்து, பெருக்கி, சாணம் தெளித்துப் போட வேண்டியது. பல வீடுகளில் மாதவிலக்கு நாட்களில் அவள் வாசலுக்கு வரக்கூடாது. கணவனை இழந்தவள் போட்டால் மங்கலம் இல்லை என்று ஒதுக்கிய வீடுகளும் உண்டு. வாசலைப் பெருக்குவது ஒரு சாதிப் பெண், கோலம் போடுவது இன்னொரு சாதிப் பெண் என்று பிரித்து வைத்த தெருக்களும் உண்டு. கோலத்தைப் பார்த்தே வீட்டுப் பெண்ணை எடைபோட்டார்கள். கோடு நேராக இருந்தால் பெண் பொறுப்பானவள், கோணினால் மனம் எங்கோ அலைகிறது. இயந்திரத்தின் பிழையைப் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம்முடைய பிழையைப் படத்திலிருந்து எடுத்து நம்முடைய குணத்தில் ஒட்டுகிறார்கள்.

கோலப் போட்டிகள் இதை ஓரளவு மாற்றின. மயிலாப்பூர் விழாவில் ஜனவரி மாதம் வடக்கு மாட வீதியில் நடக்கும் போட்டியைப் பலரும் அறிவோம். புதுவையிலும் மார்கழியில் தெருச் சங்கங்கள் வைக்கின்றன. கோலத்தின் சடங்கையும் சூழலியலையும் ஆராய்ந்து விஜயா நாகராஜன் எழுதிய ஆங்கில நூலும் இந்தப் போட்டிகளைக் கவனிக்கிறது. போட்டியில் பெண்கள் தங்கள் வாசலை விட்டுத் தெருவின் நடுவுக்கு வருகிறார்கள். கோலத்துக்குப் பக்கத்தில் எண்ணும் பெயரும் எழுதப்படுகின்றன. வாசலில் கிடைக்காத ஒன்று அது. பெயர்!

ஆனாலும் நான் பார்த்த போட்டிகளில் மதிப்பெண் குறைவது எதனால் என்று கவனித்திருக்கிறேன். அழித்துப் போட்ட தடம் தெரிந்தால் குறைவு. கட்டத்தைத் தாண்டி மாவு சிந்தினால் குறைவு. கோட்டின் தடிமன் மாறினால் குறைவு. நடுவர் நாற்காலியில் வாழ்நாளில் கோலமாவைத் தொடாத பிரமுகர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தடிமன் மாறாத கோடு வேண்டுமானால் கடையில் உருளை கிடைக்கிறது, ஓட்டை போட்ட தகர அச்சு கிடைக்கிறது, ஒட்டிவிட்டுப் போக ஸ்டிக்கர்கூடக் கிடைக்கிறது. நாம் பெண்களிடம் இயந்திரத்தின் துல்லியத்தை எதிர்பார்க்கிறோம். இயந்திரத்திடம் மனிதத் தடுமாற்றத்தை ரசிக்கிறோம். இந்த முரணைத்தான் நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

எல்லாப் பிழைகளும் சிரிக்கக்கூடியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். படத்தின் மீது விழும் பிழை உண்டு, ஆளின் மீது விழும் பிழை உண்டு. ஆறாவது விரல் முதல் வகை. இரண்டாவது வகைக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. 1973இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படச் செயலாக்க ஆய்வுக்கு ஒரு சோதனைப் படம் தேவைப்பட்டது. 'பிளேபாய்' இதழின் 1972 நவம்பர் நடுப்பக்கத்தை எடுத்து, தோளுக்கு மேல் வெட்டிக் கணினியில் ஏற்றினார்கள். படத்தில் இருந்தவர் லேனா ஃபோர்சேன் என்ற ஸ்வீடன் நாட்டு மாடல். அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் படத்தைச் சுருக்கவும் கூர்மையாக்கவும் எழுதிய வழிமுறைகள் அந்தப் பெண்ணின் முகத்தில்தான் சோதிக்கப்பட்டன. ஆய்வுத்தாள்களில் அவர் முகத்தைக் கெடுத்துக் காட்டுவார்கள், பிறகு சரிசெய்து காட்டுவார்கள். கணினிப் படிப்புக்கு வந்த பெண்கள் வகுப்பின் முதல் வாரத்திலேயே அந்தப் படத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. தன்னை இனித் தொழில்நுட்பத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 2019இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் லேனாவே கேட்டார். ஐஇஇஇ கணினிச் சங்கம் 2024 ஏப்ரல் 1 முதல் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது.

இன்னொரு பிழை எண்ணாகவே பதிவாகியிருக்கிறது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை. மூன்றில் ஒரு பெண்ணைத் தவறாகச் சொல்லும் கருவிக்கு நாம் கைதட்ட முடியாது. அந்தப் பிழை கருவியின் குழந்தைத்தனத்தால் வந்ததல்ல. அதற்கு யார் முகங்களைக் காட்டி வளர்த்தார்கள் என்பதால் வந்தது.

எங்கள் ஊரையும் இப்படித்தான் பார்க்கிறது. புதுச்சேரித் தெரு என்று கேட்டுப் பாருங்கள் என்று தோழி ஒருத்தி சொன்னாள். கேட்டேன். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, சைக்கிள், வெள்ளை உடையில் ஒரு பெண். மீண்டும் கேட்டாலும் வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வெள்ளையர் நகரம்தான் வந்தது. திண்ணையும் ஓட்டுத் தாழ்வாரமும் கோலமும் உள்ள தமிழர் பகுதி வரவேயில்லை. குருசுக்குப்பத்து மீன்காரியும் வரவில்லை. அந்தப் படங்களில் விரல்கள் சரியாகத்தான் இருந்தன. ஊர்தான் பாதி காணோம். எது அதிகம் படம்பிடிக்கப்பட்டதோ அதுவே ஊர் ஆகிவிடுகிறது. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நிழற்படக் காப்பகத்தில் லட்சத்துக்கும் அதிகமான படங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் கோயில்களும் சிற்பங்களும். கல் நிற்கிறது, ஆகவே காப்பகத்தில் சேர்கிறது. கோலம் மதியத்துக்குள் காலில் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. பெண்கள் தினமும் செய்யும் வேலையின் தலைவிதி அது. சமையலும் அப்படித்தான்.

ஆறாவது விரலை நாம் கொண்டாட இன்னொரு காரணமும் உண்டு. அது நமக்குச் சாட்சியாக நிற்கிறது. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் போலிக் காணொளி ஒன்று பரவியது. வேறொரு பெண் மின்தூக்கிக்குள் நுழையும் காட்சியில் இவருடைய முகத்தைப் பொருத்தியிருந்தார்கள். ஒருத்தியின் முகத்தையும் இன்னொருத்தியின் உடலையும் இருவரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அது போலி என்பதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பிழை. உள்ளே நுழையும் அந்தக் கணத்தில், உண்மையான முகம் கண்ணிமைக்கும் நேரம் தெரிந்து, பிறகுதான் மாறியது. பிரபலமான நடிகை என்பதால் நாடே பேசியது. கல்லூரி விடுதியில் இருக்கும் ஒரு மாணவிக்கு இது நடந்தால் அவள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த மாதிரி ஒரு பிழையாக இருக்கலாம்.

அந்தப் பிழைகள் வேகமாக மறைந்துவருகின்றன. இன்றைய கருவிகள் பெரும்பாலும் ஐந்து விரல்தான் வரைகின்றன. வேடிக்கைப் போட்டிகளுக்குப் பிழைகள் கிடைப்பதே இனி அரிதாகலாம். அதை முன்னேற்றம் என்கிறார்கள். எனக்கு மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே வருகின்றன. பிழை இல்லாத பொய்ப்படத்தின் முன்னால் ஒரு பெண் தன் உடல் தன்னுடையது அல்ல என்று எதை வைத்து நிரூபிப்பாள்? "உன்னை நம்புகிறோம்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு துணை இருக்காது. இதுவரை நம் சமூகம் பெண்ணின் சொல்லை எப்படி நம்பியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆகவே இது கருவிகளின் பிரச்சினை மட்டுமல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் போட்டிகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் திண்ணையில் அன்று நடந்ததைப் போன்ற போட்டிகள் இன்னும் நடக்கட்டும். இயந்திரத்தின் படத்தைக் கூட்டமாக உட்கார்ந்து உற்றுப் பார்ப்பதே ஒரு பயிற்சி. பொய்ப்படத்தைப் பிரித்தறியும் கண் அப்படித்தான் பழகும். ஆனால் அடுத்த மார்கழியில் எங்கள் தெருவில் ஒரு போட்டி வைத்தால், என்னிடம் விதிகள் கேட்டால், மூன்று சொல்வேன். நடுவர் கோலம் போட்டுப் பழகியவளாக இருக்க வேண்டும். வாசலுக்கு வரக்கூடாது என்று யாரைச் சொன்னார்களோ, அவர்களும் போட வேண்டும். இயந்திரத்தின் அறுந்த கோட்டுக்குக் கைதட்டுகிறவர்கள், அடுத்த கட்டத்தில் முழங்கால் வலியோடு உட்கார்ந்து, கை நடுங்கக் கோடு இழுத்த பெரியம்மாவின் கோலத்தின் முன்னும் நின்று, அதே அளவு கைதட்ட வேண்டும். அவருடைய கோடு கொஞ்சம் கோணியிருக்கும். ஆனால் ஒரு புள்ளியையும் விடாமல் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்தில் சேர்ந்திருக்கும்.